வீட்டுக் காப்பி வறுப்பியை மாற்றியமைத்தலும் கட்டுப்படுத்தலும்

வீட்டுக் காப்பி வறுப்பி என்பது பச்சைக் காப்பிக்கொட்டையைச் சிறிய அளவில், பொதுவாக ஒரு முறைக்கு 80 கிராம் முதல் 500 கிராம் வரை, வறுக்கப் பயன்படும் கருவி ஆகும். இதற்கென்றே செய்து விற்கப்படும் வறுப்பிகளும், சோளப்பொரி இயந்திரம் போன்ற வேறு வீட்டுக் கருவிகளிலிருந்து மாற்றியமைக்கப்பட்டவையும் இதில் அடங்கும். மாற்றியமைத்தல் என்பது பெரும்பாலும் மூன்று வேலைகளைக் குறிக்கும். முதலாவது, கொட்டையின் வெப்பநிலையை அளக்க ஓர் உணரியைப் பொருத்துதல். இரண்டாவது, சூடேற்றியையும் விசிறியையும் தனித்தனியே கட்டுப்படுத்துதல். மூன்றாவது, எந்த உறுப்பு பழுதானாலும் கருவி தானே அணைந்துவிடும்படி செய்தல். சூட்டைக் கூட்டுவது இதன் முதன்மை நோக்கம் அன்று. பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் சூடு போதுமான அளவு உண்டு. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் தருவதற்கான வழிதான் இல்லை.

வறுபடும்போது கொட்டையில் நிகழ்வன

பச்சைக் காப்பிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு ஈரம் ஆகும். வறுவலின் முதல் கட்டத்தில் இந்த ஈரம் ஆவியாகத் தொடங்கும். கொட்டையின் பச்சை நிறம் வெளிறி, ஏறத்தாழ 150 °செ அளவில் மஞ்சளாகும். வைக்கோல் போன்ற மணம் எழும். இதையடுத்து, சர்க்கரைப் பொருள்களும் அமினோ அமிலங்களும் வினைபுரியும் மெயிலார்டு வினை வேகமடைந்து, கொட்டை பழுப்பு நிறம் பெறும். இப்போது வரும் மணம் ரொட்டி வேகும் மணத்தை ஒத்தது.

கொட்டையின் உள்ளே சேரும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் தரும் அழுத்தத்தால், ஏறத்தாழ 196 முதல் 205 °செ வரையிலான இடைவெளியில் கொட்டை உரத்த ஒலியுடன் வெடிக்கும். இது முதல் வெடிப்பு எனப்படும். இந்த நிலையைத் தாண்டிய பின்னரே கொட்டை குடிக்கத்தக்க காப்பியாகிறது. சூடு தொடர்ந்தால் ஏறத்தாழ 224 முதல் 230 °செ அளவில் மெல்லிய சடசடப்புடன் இரண்டாம் வெடிப்பு தொடங்கும்; எண்ணெய் மேற்பரப்புக்கு வரும். இளவறுவலில் எடையில் 11 முதல் 13 விழுக்காடும், நடுத்தர வறுவலில் 14 முதல் 16 விழுக்காடும், கருவறுவலில் அதற்கு மேலும் குறையும்.

ஒரே கொட்டையை ஒரே இறுதி நிறத்துக்கு இரண்டு வேகங்களில் கொண்டுவந்தால் இரண்டு வேறு சுவைகள் கிடைக்கும். மிக விரைவாக வறுத்தால் வெளிப்புறம் கருத்து உட்புறம் வேகாமல் நிற்கும். பானத்தில் புல் வாடையும் புளிப்பும் தெரியும். மிக மெதுவாக வறுத்தால் மணம் மங்கிச் சப்பென்று இருக்கும். எனவே நிறத்தை மட்டும் பார்த்து நிறுத்துவது போதாது. அந்த நிறத்துக்கு வந்த பாதையையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

வீட்டு வறுப்பிகளின் வகைகள்

மிகப் பழைய வகை, அடுப்பின் மேல் வைக்கும் இரும்புச் சட்டியும் கையால் சுழற்றும் உருளையும் ஆகும். தமிழ்நாட்டில் காப்பிப் பழக்கம் வேரூன்றிய வீடுகள் பலவற்றில், கரியடுப்பின் மேல் வைத்துக் கைப்பிடியால் சுற்றும் இரும்பு உருளை இருந்தது. இங்கே கட்டுப்பாடு முழுவதும் சுற்றுபவரின் மூக்கிலும் காதிலும் கையிலும் இருந்தது.

மின்சாரத்தால் இயங்கும் வீட்டு வறுப்பிகள் இரு வகைப்படும். உருளை வகையில் சுழலும் உருளைக்குள் கொட்டை புரளும். சூடு கதிர்வீச்சாலும் உலோகத் தொடுகையாலும் காற்றாலும் வந்து சேரும். பெமோர், ஜீன் கஃபே, ஹாட்டாப் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பாய்மப் படுகை வகையில், கீழிருந்து வேகமாக வீசும் வெப்பக்காற்றே கொட்டையைத் தூக்கிக் கலக்கி வறுக்கும். அமெரிக்க வேதிப் பொறியாளர் மைக்கேல் சிவெட்ஸ் 1970களில் இவ்வகைப் பெரிய வறுப்பிகளை உருவாக்கிப் பரப்பினார். ஃபிரெஷ்ரோஸ்ட் போன்ற வீட்டுக் கருவிகள் இதே கொள்கையில் இயங்குகின்றன.

வெப்பக்காற்றால் சோளம் பொரிக்கும் வீட்டுக் கருவியும் ஒரு சிறிய பாய்மப் படுகைதான். அதனால்தான் அமெரிக்காவில் வீட்டில் காப்பி வறுப்போர் பலர் இதிலிருந்தே தொடங்கினர். வெஸ்ட் பெண்ட் பாப்பரி என்ற பழைய பொரிப்பான் அவர்களிடையே பெயர்பெற்றது. கட்டுப்பாட்டின் எல்லாச் சிக்கல்களும் இதில் வெளிப்படையாகத் தெரிவதால், இக்கட்டுரை பொரிப்பானை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பொரிப்பானின் உட்கட்டமைப்பு

வெப்பக்காற்றுப் பொரிப்பானில் ஒரு நிக்ரோம் கம்பிச்சுருள், அதன் ஊடாகக் காற்றை ஊதும் சிறிய விசிறி, கொட்டையைத் தாங்கும் உலோகக் கிண்ணம் ஆகியவை இருக்கும். கிண்ணத்தின் பக்கவாட்டில் காற்று நுழையும் பிளவுகள் சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் கொட்டை வட்டமாகச் சுழலும். அடிப்பகுதி வலைத்தட்டாக உள்ள பொரிப்பான்களில் உமி கம்பிச்சுருளின் மேல் விழுந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அவை வறுப்பதற்கு ஏற்றவை அல்ல.

பல பொரிப்பான்களில் விசிறியை இயக்குவது ஏறத்தாழ 18 முதல் 20 வோல்ட்டில் ஓடும் நேர்மின் மோட்டார். இதற்குத் தனி மின்மாற்றி இருப்பதில்லை. முதன்மைச் சுருளை அடுத்துள்ள மற்றொரு சிறு சுருள், வீட்டு மின்னழுத்தத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டு மீதியை மோட்டாருக்கு விடும். நான்கு டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றும். விலை குறைந்த, எளிய ஏற்பாடு இது. ஆனால் இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, சூட்டைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைத்தால் விசிறியும் மெதுவாகும். அப்போது கொட்டை சுழலாமல் படுத்துவிட, அடியில் உள்ளவை கருகும். இரண்டாவது, மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே 18 வோல்ட் மட்டுமே இருந்தாலும், அந்த முனைகள் வீட்டு மின்கம்பியுடன் நேரடியாக இணைந்தவை. தரையில் நிற்பவர் அவற்றைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் தாக்கக்கூடும். குறைந்த மின்னழுத்த மோட்டார்தானே என்று எண்ணி, கருவி இயங்கும்போது அதன் கம்பிகளைத் தொடுவது உயிருக்கு ஆபத்தானது.

காற்றும் சூடும் ஒன்றையொன்று பாதிக்கும் முறை

பாய்மப் படுகையில் விசிறி கொட்டையைக் கலக்கும் கருவி மட்டும் அன்று. அது வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஆகும். ஒரு கிராம் காற்றை 1 °செ சூடாக்க ஏறத்தாழ 1 ஜூல் ஆற்றல் வேண்டும். 1200 வாட் சூடேற்றியின் ஊடாக விநாடிக்கு 5 கிராம் காற்று சென்றால், காற்றின் வெப்பநிலை 240 °செ அளவு உயரும். அறை 30 °செ எனில் காற்று 270 °செ சூட்டில் வெளிவரும். விசிறியைக் குறைத்து விநாடிக்கு 4 கிராம் மட்டும் விட்டால், அதே 1200 வாட் காற்றை 330 °செ வரை கொண்டு செல்லும். சுருளிலிருந்து சுற்றுப்புறத்துக்குச் செல்லும் இழப்பை இக்கணக்கு விட்டுவிடுகிறது. எனினும் விசிறியில் செய்யும் சிறு மாற்றம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பது இதிலிருந்து தெரியும்.

வறுவல் முன்னேறும்போது கொட்டை எடை இழந்து பருமனில் பெருக்கும். தொடக்கத்தில் கொட்டையை அசைக்கவே முழு வேகம் தேவைப்படும். முடிவில் அதே வேகம் கொட்டையைக் கிண்ணத்துக்கு வெளியே எறியும். எனவே விசிறியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கும்போது காற்றின் சூடு தானாக ஏறாதிருக்க, சூடேற்றியின் திறனையும் உடன் குறைக்க வேண்டும். இரண்டும் தனித்தனிக் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் இது இயலும்.

கொட்டை உண்மையில் ஏற்கும் ஆற்றல் மிகக் குறைவு. 100 கிராம் கொட்டையை 30 °செ யிலிருந்து 210 °செ வரை சூடாக்க ஏறத்தாழ 32 கிலோஜூலும், அதிலுள்ள 10 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 23 கிலோஜூலும் தேவை எனக் கொள்ளலாம். 8 நிமிட வறுவலில் இது சராசரியாக 115 வாட் மட்டுமே. 1200 வாட்டில் பெரும்பகுதி வெப்பக்காற்றுடன் வெளியேறிவிடுகிறது. கிண்ணத்தின் மேல் உயரமான உலோக அல்லது வெப்பந்தாங்கும் கண்ணாடிக் குழாயைப் பொருத்துவது மாற்றியமைப்போரின் வழக்கம். அது கொட்டை வெளியே சிதறாமல் தடுப்பதுடன், சூட்டைச் சிறிது நேரம் கொட்டையின் அருகே நிறுத்தியும் வைக்கும்.

வெப்பநிலையை அளத்தல்

முதலில் செய்யவேண்டிய மாற்றம் அளவிடுதலே. அளவு தெரியாமல் சூட்டை மாற்றினால், கிடைத்த சுவைக்கு எது காரணம் என்று கண்டறிய முடியாது. இதற்குப் பெரும்பாலும் கே வகை வெப்ப மின்னிரட்டை (தெர்மோகப்பிள்) பயன்படுகிறது. குரோமெல், அலுமெல் என்ற இரு உலோகக் கலவைக் கம்பிகளின் சந்திப்பு இது. ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் தரும். இந்தச் சிறு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற மேக்ஸ்6675, மேக்ஸ்31855 போன்ற சில்லுகள் உள்ளன.

இரண்டு இடங்களில் அளப்பது நல்லது. ஒன்று கொட்டைக் குவியலின் நடுவே. மற்றொன்று கொட்டைக்குள் நுழையும் காற்றில். கொட்டைக்குள் வைக்கும் உணரி 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள மெல்லிய எஃகு உறையில் இருந்தால் விரைவாகத் துலங்கும். தடித்த உறை சில விநாடிகள் பின்தங்கியே வெப்பநிலையைக் காட்டும். வறுவலின் இறுதியில் அந்தத் தாமதம் ஒரு வறுவல் நிலையையே தவறவிடச் செய்யலாம்.

உணரி காட்டும் எண் கொட்டையின் உண்மையான உள்வெப்பநிலை அன்று. அது கொட்டையும் காற்றும் கலந்த ஒரு வெப்பநிலை. ஆகவே முதல் வெடிப்பு ஒரு கருவியில் 196 °செ என்றும், மற்றொன்றில் 208 °செ என்றும் தெரியலாம். பிறர் தரும் வெப்பநிலை எண்களை அப்படியே பின்பற்றாமல், மஞ்சளாகும் நிலையும் முதல் வெடிப்பும் தம் கருவியில் எந்த எண்ணில் வருகின்றன என்று குறித்துக்கொண்டு அதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே எடைக் கொட்டையை இடுவதும், உணரியை இடம் மாற்றாதிருப்பதும் இதற்கு இன்றியமையாதவை.

விசிறியைப் பிரித்தல்

விசிறிக்குத் தனி மின்வழங்கி அமைக்கும்போது, மோட்டாரின் பழைய இணைப்புகள் இரண்டும் முற்றிலும் துண்டிக்கப்பட வேண்டும். ஒன்றை மட்டும் துண்டித்தால் புதிய வழங்கியும் வீட்டு மின்னழுத்தத்துக்கு உட்படும். மோட்டாருக்கு வழிவிட்ட சிறு சுருள் இப்போது பயனற்றது; அதையும் சுற்றிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

மோட்டாரின் அளவுக்கேற்ப, தரச்சான்று பெற்ற 19 அல்லது 24 வோல்ட் நேர்மின் வழங்கியும், துடிப்பகலப் பண்பேற்றம் மூலம் வேகத்தை மாற்றும் சிறு சுற்றும் போதுமானவை. முனைகளை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும்; காற்று அப்போதும் வரும், ஆனால் வலுவிழந்து வரும். கொட்டை சுழலாததற்கு இது அடிக்கடி காணப்படும் காரணம்.

சூடேற்றியின் திறனைக் கட்டுப்படுத்துதல்

மின்தடைச் சூடேற்றியின் திறன் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 230 வோல்ட்டில் 1200 வாட் தரும் சூடேற்றி, 200 வோல்ட்டில் ஏறத்தாழ 907 வாட் மட்டுமே தரும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில், காலையில் நன்றாக வந்த வறுவல் மாலையில் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்த 1200 வாட் பொரிப்பானை இந்தியாவின் அல்லது இலங்கையின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால், அது 4400 வாட் அளவுக்கு இழுத்து நொடியில் எரிந்துபோகும்.

திறனைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

வேரியாக் எனப்படும் மாறு மின்மாற்றி, குமிழைத் திருப்பி மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். எளிமையானது, ஆனால் கனமானது, விலை கூடியது. பெரும்பாலான வேரியாக்குகள் கருவியை வீட்டு மின்னிணைப்பிலிருந்து தனிமைப்படுத்துவதில்லை என்பதால் மின்னதிர்ச்சிக்கு எதிரான பாதுகாப்பாக அதைக் கருதக்கூடாது.

டிரையாக் சுற்று, மாறுமின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும். மின்விசிறி வேகக் கட்டுப்படுத்தியும் இவ்வகையே. ஆனால் விசிறிக்குச் செய்த கட்டுப்படுத்தி ஏறத்தாழ 100 வாட்டுக்கானது; அதைச் சூடேற்றிக்குப் பயன்படுத்தினால் கட்டுப்படுத்தியே உருகிவிடும்.

திண்மநிலை ரிலே மூன்றாவது வழி. சுழிக்கடப்பு வகை ரிலே, மின்னழுத்தம் சுழியாகும் கணத்தில் மட்டும் திறந்து மூடும். 50 ஹெர்ட்சு மின்சாரத்தில் ஒரு விநாடிக்கு 100 அரைச்சுழற்சிகள் உண்டு. அவற்றில் 60ஐ மட்டும் உள்ளே விட்டால் 60 விழுக்காடு திறன் கிடைக்கும். கம்பிச்சுருள் அவ்வளவு விரைவில் ஆறிவிடாது என்பதால் காற்றின் சூடு சீராகவே இருக்கும். 1200 வாட் சூடேற்றி 230 வோல்ட்டில் 5.2 ஆம்பியர் இழுக்கும். அப்போது ரிலேயிலேயே சில வாட் வெப்பம் உண்டாகும் என்பதால் அதை அலுமினிய வெப்பத்தணிப்பியின் மேல் பொருத்த வேண்டும்.

பி.ஐ.டி. கட்டுப்பாடு

மனிதர் குமிழைத் திருப்புவதற்குப் பதிலாக, கருவியே வெப்பநிலையைப் பார்த்துத் திறனை முடிவுசெய்யும் முறைகளில் பி.ஐ.டி. முதன்மையானது. கப்பலைத் தானாகத் திசைதிருப்பும் ஏற்பாட்டை ஆராய்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் இதன் கணிதத்தை வெளியிட்டார். இம்முறை மூன்று கூறுகளைக் கூட்டி விடை காணும். இப்போதுள்ள பிழையின் அளவு ஒன்று. இதுவரை சேர்ந்துவந்த பிழை இரண்டாவது. பிழை மாறும் வேகம் மூன்றாவது. சோறு வடிக்கும்போது அடுப்பைத் தணிப்பவரும் இம்மூன்றையும்தான் பார்க்கிறார்: கொதி எவ்வளவு உள்ளது, எவ்வளவு நேரமாக அப்படி உள்ளது, எவ்வளவு வேகமாகப் பொங்கி வருகிறது.

பி.ஐ.டி. கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் உலை ஒன்றை நிலையான வெப்பநிலையில் நிறுத்தி வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. வறுவலிலோ வெப்பநிலை தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டையின் இலக்கு 210 °செ என்று நேரடியாகக் கொடுத்தால், கட்டுப்படுத்தி முழுத் திறனையும் திறந்துவிட்டு, சேர்ந்த பிழையின் காரணமாக இலக்கையும் தாண்டிச் செல்லும். இதைத் தவிர்க்க, விரைவாகத் துலங்கும் காற்றின் வெப்பநிலையை பி.ஐ.டி.யின் கையில் கொடுத்து, அதன் இலக்கை நேரத்துக்கேற்பப் படிப்படியாக உயர்த்துவது நடைமுறைக்கு ஏற்றது. கொட்டையின் வெப்பநிலையைப் பார்த்து அந்த இலக்கைத் திருத்துவது வறுப்பவரின் வேலை.

கணினிப் பதிவும் வெப்ப ஏற்ற வீதமும்

ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை, உணரிகளின் அளவுகளைக் கணினிக்கு அனுப்பவும், கணினியிலிருந்து வரும் கட்டளைக்கேற்ப ரிலேயை இயக்கவும் வல்லது. ஆர்ட்டிசான் என்ற திறமூல மென்பொருள் இந்த அளவுகளை வரைபடமாகக் காட்டிச் சேமிக்கிறது. முந்தைய வறுவலின் கோட்டைப் பின்னணியில் வைத்து அதன்மேல் புதிய வறுவலை நடத்தும் வசதியும் அதில் உண்டு.

இத்தகைய வரைபடத்தில் முதன்மையாகக் கவனிக்கப்படுவது வெப்ப ஏற்ற வீதம், அதாவது கொட்டையின் வெப்பநிலை நிமிடத்துக்கு எத்தனை பாகை உயர்கிறது என்பது. காப்பி வறுவல் ஆலோசகர் ஸ்காட் ராவ் 2014இல் வெளியிட்ட நூலில், இந்த வீதம் தொடக்கம் முதல் முடிவு வரை சீராகக் குறைந்துவர வேண்டும் என்று வலியுறுத்தினார். இதை எல்லாரும் விதியாக ஏற்பதில்லை. எனினும், முதல் வெடிப்பின்போது வீதம் திடீரெனச் சரிவதும் பின்னர் திடீரென ஏறுவதும் எங்கே நிகழ்கின்றன என்று பார்க்க இக்கோடு உதவுகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. 0.25 °செ படிகளில் அளக்கும் சில்லு ஒரு விநாடிக்கு ஒரு படி மாறினாலே, கணக்கில் அது நிமிடத்துக்கு 15 °செ ஆகத் தோன்றும். வீதக்கோடு ரம்பப் பல்லைப் போல் ஆடும். அளவுகளை 30 விநாடி இடைவெளியில் ஒப்பிட்டால் இதே படி நிமிடத்துக்கு 0.5 °செ ஆகச் சுருங்கும். ஆனால் இடைவெளி நீள நீள, கோடு காட்டும் செய்தியும் பழையதாகும். 15 முதல் 30 விநாடி வரையிலான இடைவெளி பொதுவாகப் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு வறுவல்

100 கிராம் கொட்டையைப் பொரிப்பானில் நடுத்தர அளவுக்கு வறுக்கும் ஒரு திட்டம் கீழே உள்ளது. எண்கள் கருவிக்குக் கருவி மாறும்.

- 0 நிமிடம்: விசிறி முழு வேகம், அதன் பிறகே சூடேற்றி. கொட்டை அறை வெப்பநிலையில்.
- 3.5 நிமிடம்: 150 °செ, கொட்டை மஞ்சள். சராசரி ஏற்றம் நிமிடத்துக்கு 34 °செ. விசிறி சிறிது குறைக்கப்படுகிறது.
- 6.5 நிமிடம்: 200 °செ, முதல் வெடிப்பு. இடைக்கால ஏற்றம் நிமிடத்துக்கு 17 °செ. வெடிப்புக்குச் சற்று முன்னரே சூடேற்றி குறைக்கப்படுகிறது.
- 8 நிமிடம்: 212 °செ, முடிவு. இறுதி ஏற்றம் நிமிடத்துக்கு 8 °செ. சூடேற்றி அணைக்கப்பட்டு விசிறி தொடர்கிறது.

முதல் வெடிப்புக்குப் பின் உள்ள 1.5 நிமிடம் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 19 விழுக்காடு. ஆறிய கொட்டை 85 கிராம் இருந்தால் எடையிழப்பு 15 விழுக்காடு. இது நடுத்தர வறுவலுக்குப் பொருந்துகிறது. நல்ல உணரி இல்லாதவரும் சமையலறைத் தராசைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யலாம்.

வறுத்த கொட்டையை 4 நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்ற வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் சூட்டாலேயே வறுவல் தொடரும். கொட்டை சில நாள்கள் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், வறுத்த உடனே இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் அடைக்கக்கூடாது.

கொட்டையின் வகையும் திட்டத்தை மாற்றும். பிளான்டேஷன் எனப்படும் ஈரமுறையில் பதப்படுத்திய அராபிகாவைவிட, செர்ரி எனப்படும் உலர்முறைக் கொட்டை அதிக உமியை உதிர்க்கும். உருண்டையான பீபரி எளிதில் உருளும் என்பதால் குறைந்த காற்றிலும் நன்கு கலக்கும்.

உருளை வறுப்பிகளில் மாற்றங்கள்

உருளை வகையில் கொட்டையைக் கலக்கும் வேலை மோட்டாருடையது. எனவே காற்றைக் குறைத்தாலும் கொட்டை நின்றுவிடாது. ஆனால் உருளையின் உலோகம் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். திறனைக் குறைத்த பின்னும் அதன் விளைவு கொட்டையில் தெரியச் சற்று நேரம் ஆகும் என்பதால், மாற்றத்தை முன்கூட்டியே செய்ய வேண்டும். இவ்வகையில் வழக்கமான மாற்றங்கள், சுழலும் அச்சின் நடுவழியாக உணரியைச் செலுத்துதலும், புகைபோக்கி விசிறிக்கு வேகக் கட்டுப்பாடு அமைத்தலும் ஆகும். ஆஸ்திரேலியாவில், ரொட்டி பிசையும் இயந்திரத்தின் கலக்கியையும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியையும் சேர்த்துச் செய்யும் வறுப்பி கொரெட்டோ என்ற பெயரில் பரவியது. இதில் துப்பாக்கியின் தூரத்தை மாற்றினாலே சூடு மாறும். மின்சுற்றைத் தொடவேண்டியதில்லை என்பது தொடக்கநிலையினருக்கு நன்மை.

பாதுகாப்பு

சோளம் ஏறத்தாழ 180 °செ அளவில் பொரியும்; காப்பிக்கு அதைவிட அதிகச் சூடு தேவை. எனவே பொரிப்பானில் உள்ள தெர்மோஸ்டாட் வறுவலின் நடுவே சூட்டைத் துண்டிக்கக்கூடும். இதைத் தவிர்க்க அதைக் குறுக்குச்சுற்றாக இணைத்துவிடுவதே மாற்றியமைப்போர் செய்யும் மிக ஆபத்தான செயல். விசிறி நின்றுபோனால், தடையின்றி இயங்கும் 1200 வாட் சுருள் சில விநாடிகளில் செந்தணலாகும்; காய்ந்த உமியும் எண்ணெய் கசிந்த கொட்டையும் எரிபொருளாகும்.

மென்பொருள் இதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. திண்மநிலை ரிலே பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். அதாவது கணினி அணைக்கச் சொன்னாலும் சூடேற்றி எரிந்துகொண்டே இருக்கும். கணினி உறைந்துபோகலாம், இணைப்புக் கம்பி கழன்றுவிடலாம். ஆகவே பாதுகாப்பு உறுப்புகள் மென்பொருளைச் சாராமல், சூடேற்றியின் மின்வழியிலேயே தொடராக இருக்க வேண்டும். அவற்றுள் இன்றியமையாதவை:

- ஒருமுறை உருகினால் மீளாத வெப்ப உருகி (தெர்மல் ப்யூஸ்). இதைப் பற்றவைக்காமல் நெருக்கி இணைக்க வேண்டும். பற்றவைப்புச் சூட்டிலேயே உருகி கெட்டுவிடும்.
- விசிறிக்கு மின்சாரம் இல்லாதபோது சூடேற்றியைத் துண்டிக்கும் இயந்திர ரிலே.
- கைக்கு எட்டும் இடத்தில், சூடேற்றியை மட்டும் அணைக்கும் தனி நிறுத்தி. தீ எழாத நிலையில் கொட்டையை ஆற்ற விசிறி தொடர்ந்து ஓடலாம். தீ எழுந்துவிட்டால் விசிறியையும் சேர்த்து அணைக்க வேண்டும்.
- மூன்று முனைச் செருகியும், உலோகப் பகுதிகள் அனைத்துக்கும் புவித்தொடுப்பும் (எர்த்), 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும்.

உலோக உறையுள்ள வெப்ப மின்னிரட்டையின் நுனி, புவித்தொடுப்பில்லாத கிண்ணத்தைத் தொட்டு, அந்தக் கிண்ணத்தில் மின்கசிவும் இருந்தால், மின்சாரம் உணரியின் வழியே மடிக்கணினிக்கும் அதைத் தொடுபவருக்கும் செல்லும். உறையிலிருந்து காப்பிடப்பட்ட நுனியுள்ள உணரியைத் தேர்வதும், கணினிக்கும் பலகைக்கும் இடையே மின்தனிமைப்படுத்தி வைப்பதும் இதற்குத் தீர்வு. சாதாரண பி.வி.சி. உறைக் கம்பி ஏறத்தாழ 70 °செ வரைக்கே உரியது. சூடேற்றியின் அருகே கண்ணாடியிழை உறையிட்ட கம்பியையே பயன்படுத்த வேண்டும். ஈயப்பற்று 183 °செ அளவில் உருகிவிடும் என்பதால் சுருளின் முனைகளைத் திருகாணியால் இணைக்க வேண்டும். வீட்டு மின்னழுத்தத்தில் வேலை செய்து பழகாதவர்கள் இப்பகுதியை மின்பணியாளர் மூலம் செய்துகொள்வதே முறை.

வறுக்கும்போது கருவியை விட்டு அகலக்கூடாது. புகை வெளியேறும் இடத்தில், எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்தே இயக்க வேண்டும். தீப்பிடித்தால் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து உலோக மூடியால் காற்றைத் தடுக்க வேண்டும். மின்னிணைப்பில் உள்ள கருவியின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பொதுக் குறைகளும் காரணங்களும்

- கொட்டை நிறம் சீராக இல்லை: காற்று போதவில்லை, அல்லது கொட்டையின் அளவு அதிகம்.
- கொட்டையின் முனைகளில் கருகல் புள்ளிகள்: நுழையும் காற்றின் சூடு அதிகம்.
- முதல் வெடிப்பு மங்கலாக, நீண்டு ஒலிக்கிறது: வெடிப்புக்கு முன் திறன் அளவுக்கு மீறிக் குறைக்கப்பட்டது, அல்லது வீட்டு மின்னழுத்தம் தாழ்ந்துள்ளது.
- நிறம் சரி, சுவை சப்பென்று உள்ளது: மொத்த நேரம் நீண்டுவிட்டது, அல்லது இறுதியில் வெப்ப ஏற்றம் ஏறத்தாழ நின்றுவிட்டது.
- உணரி திடீரென எண்களைத் தாறுமாறாகக் காட்டுகிறது: கம்பி தளர்வு, அல்லது சூடேற்றிக் கம்பியுடன் உணரிக் கம்பி ஒன்றாகச் செல்கிறது.

குறை தெரிந்ததும் ஒரு வறுவலில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, எடை, நேரம், வெப்பநிலை, சுவை ஆகியவற்றைக் குறித்துவைப்பது வழக்கம். இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தால், எது பயன் தந்தது என்று அடுத்த வறுவலில் தெரியாமல் போகும்.